முதுகில் விழும் வெயில்

ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காலை ஏழுக்குத் தொடங்கிய என் ஷிப்ட் மாலை ஏழுக்கு முடிந்தது. நான்கு மணிக்குப் பெய்த மழையின் ஈரம் மோட்டார் சைக்கிள் இருக்கையில் இன்னும் காயவில்லை. வீட்டுக்குத் தயிரும் கறிவேப்பிலையும் வாங்க வேண்டும். மனத்தில் அது மட்டும்தான் இருந்தது. பினாங்குப் பாலத்தைத் தாண்டி ஜெலுத்தோங்கை நெருங்கும்போது சாலையோரத்தில் தேங்கியிருந்த மழைநீர் முழுவதும் ரோஜா நிறமாக மாறியது. தலையைத் தூக்கினேன். கடலுக்கு அப்பால், பெருநிலத்தின் மேல், மழையைக் கொட்டி முடித்த முகில் ஒன்று மலைபோல் எழுந்து நின்றது. அதன் உச்சி ஆரஞ்சு, நடு இளஞ்சிவப்பு, அடி ஈயச் சாம்பல்.

நெடுஞ்சாலையில் நிற்கவில்லை. இன்னும் சிறிது தூரம் ஓட்டி, கர்ப்பால் சிங் கடற்கரைச் சாலைக்குத் திரும்பி, வண்டியை ஒழுங்காக நிறுத்திய பிறகுதான் பெட்டியிலிருந்து கேமராவை எடுத்தேன். பாலம் நிழலில் இருந்தது. புக்கிட் மெர்தாஜம் மலையின் உச்சியில் மட்டும் கடைசி வெயில் ஒட்டியிருந்தது. முகிலின் நிறம் அப்படியே கடலில் இறங்கி, கட்டிப்போட்ட சம்பான் படகுகளின் அடியில் நெளிந்தது. பதினொரு நிமிடத்தில் ஒன்பது படங்கள். பிறகு எல்லாம் சாம்பலாகிவிட்டது.

அந்த ஒன்பதில் ஒன்று இன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அந்தப் படம் தற்செயல்தான். ஆனால் அது என் கைக்கு வந்து சேர எட்டு ஆண்டுகள் பிடித்தன. அந்த எட்டு ஆண்டுகளில் தவறிய மாலைகளைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுத விரும்புகிறேன்.

கேமரா வாங்கிய புதிதில் நான் எல்லாரையும்போல் கதிரவனைத் துரத்தினேன். பழைய மிரர்லெஸ் கேமரா, 35 மி.மீ. லென்ஸ், ஒரு கனமான முக்காலி. நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு என்பது எங்கள் தொழிற்சாலை முறை. ஓய்வு நாள் வந்துவிட்டால் இடத்தைத் தேர்ந்தெடுத்து, நேரம் குறித்து, ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றுவிடுவேன். ஒரு டிசம்பரில் பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போனேன். அங்கே ஜூன் மாதத்தில் எடுக்கப்பட்ட படம் ஒன்றைப் பார்த்திருந்தேன்: தங்கத் தட்டாகக் கடல், அதில் மூழ்கும் கதிரவன். நான் போன நாளில் கடல் இருந்தது, மணல் இருந்தது, கதிரவன் என் இடது தோளுக்குப் பின்னால் மலையில் இறங்கிக்கொண்டிருந்தது. கடலின் மேல் ஒரு துளி நிறமும் விழவில்லை.

காரணத்தைப் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டேன். கதிரவன் ஆண்டு முழுவதும் நேர்மேற்கில் மறைவதில்லை. ஜூன் இறுதியில் நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை வடக்கே தள்ளி மறைகிறது. டிசம்பர் இறுதியில் அதே அளவு தெற்கே. பத்து ஃபெரிங்கி வடகடற்கரை. ஆகவே ஜூனில் கதிரவன் கடலில் விழும், டிசம்பரில் காட்டுக்குள் விழும். பாலிக் பூலாவ் பக்கத்துப் பாசிர் பாஞ்சாங், தென்மேற்கு மூலையிலுள்ள கெர்தாக் சாங்குல் போன்ற இடங்கள் மேற்கைப் பார்த்தவை. அங்கே ஏமாற்றம் குறைவு. திட்டமே இல்லாமல் படமெடுப்பவருக்கும் இந்த ஓர் அறிவு தேவை: இந்த மாதத்தில் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? இது தெரிந்தால், போகிற வழியில் எந்தத் திருப்பத்தில் தலையைத் திருப்ப வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

ஆனால் நான் ஜெலுத்தோங்கில் வசிக்கிறேன். ஜார்ஜ்டவுன், ஜெலுத்தோங், குளுகோர் எல்லாம் தீவின் கிழக்கு ஓரம். எங்களுக்கு மேற்கே மலைத்தொடர். அதன் உயரமான முகடு 833 மீட்டர். பஞ்சாங்கம் சொல்லும் நேரத்துக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் முன்பே எங்கள் தெருக்களில் வெயில் அணைந்துவிடும். மாதத்துக்கு மாதம் இது கொஞ்சம் கூடும், குறையும். நான் அதை ஒரு குறையாகவே நினைத்து வந்தேன். அந்திக்கு முதுகு காட்டி நிற்கும் ஊர் என்று அப்பாவிடம் ஒருநாள் சொன்னேன்.

அப்பா எதிர்க்கரைப் பெருநிலத்திலுள்ள பட்டர்வொர்த் துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலையில் இருந்தவர். இருபத்தேழு ஆண்டுகள் தினமும் பெர்ரியில் போய் வந்தார். அவர் சொன்னது இது: "சாயங்காலம் திரும்பி வரும்போது நாங்கள் யாரும் முன்பக்கம் நிற்க மாட்டோம், தம்பி. வெயில் நேராகக் கண்ணில் குத்தும். மேல்தட்டில் பின்பக்கம் போய், பட்டர்வொர்த்தைப் பார்த்தபடி நிற்போம். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் முழுக்க வெளிச்சமாக இருக்கும். கிரேன்கள் எல்லாம் தங்கம் பூசியது மாதிரி நிற்கும்."

இதை அவர் சொன்ன அன்று நான் காதில் வாங்கிக்கொண்டேன்; மனத்தில் வாங்கவில்லை. அந்தப் பழைய இரட்டைத்தட்டு பெர்ரிகள் 2020 இறுதியோடு பயணிகள் சேவையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டன. அவை ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, கையில் கேமராவோடு, ஒரு மாலையாவது அந்தப் பின்தட்டில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

தண்ணீர்மலை முருகன் கோவிலில்தான் அப்பா சொன்னது எனக்கு விளங்கியது. அத்தைக்கு ஒரு வேண்டுதல். 513 படிகள், அத்தைக்கு முழங்கால் வலி. ஐம்பது படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, "முருகா" என்று எழுந்து, நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது மணி ஆறே முக்கால் ஆகிவிட்டது. கேமரா வீட்டில் இருந்தது. கோவிலுக்குப் போகும்போது அதை எடுத்துப் போவதில்லை. தரிசனம் முடிந்து வெளியே வந்தோம். கோவில் இருக்கும் குன்று ஏற்கெனவே மலையின் நிழலுக்குள் போய்விட்டது. கீழே ஊர் மட்டும் இன்னும் வெயிலில் இருந்தது. அடுக்குமாடிகளின் மேற்குச் சுவர்கள், அதற்கப்பால் கடல், கடலுக்கப்பால் பெருநிலக் கரை, எல்லாமே மஞ்சளில் குளித்திருந்தன. அந்த மஞ்சளின் ஓரத்தில் மலையின் நிழல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டடமாக அணைந்தது.

அத்தை, "மேற்கே பார்க்காமல் இந்தப் பக்கம் என்ன பார்க்கிறாய்?" என்று கேட்டார். மேற்கே காடு மட்டும்தான் இருந்தது. நான் பதில் சொல்லாமல் கைப்பேசியை எடுத்தேன்.

அன்றிலிருந்து என் வழக்கம் மாறியது. ஒளி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதை நிறுத்தினேன்; எதன் மேல் விழுகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். கதிரவனைப் படமெடுக்க ஓரிடத்தில் போய்க் காத்திருக்க வேண்டும். ஒளி விழும் பொருளுக்கு அது தேவையில்லை. அது சாலையில், சந்தையில், பஸ் நிறுத்தத்தில், துணி காயும் மாடியில், போகும் வழியெங்கும் இருக்கிறது. திட்டமிடாத படம் எனக்குச் சாத்தியமானதே இந்தத் திருப்பத்துக்குப் பிறகுதான்.

இனி நேரத்தைப் பற்றி. வெளிநாட்டார் எழுதிய புகைப்படப் பாடங்களில் 'பொன்னிற மணி நேரம்' என்று வரும். பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரைப் பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. இங்கே கதிரவன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. பொன்னிற வெயில் அரை மணிக்குள் முடிந்துவிடும். மறைந்த பின் கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும் அந்தி வெளிச்சம் இருபத்தொரு, இருபத்திரண்டு நிமிடம்தான். லண்டனில் கோடையில் இதே வெளிச்சம் முக்கால் மணிக்கும் மேல் நீடிக்கும். அங்கே எழுதிய பாடத்தை நம்பி இங்கே முக்காலியை விரித்துக்கொண்டிருந்தால், மூன்றாவது காலை நீட்டும்போது இருட்டிவிடும். முக்காலியை நான் வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

மறையும் நேரமும் எல்லா மாதத்திலும் ஒன்றல்ல. நவம்பரில் ஏழு மணியளவில் மறைந்துவிடுகிறது, ஜூலையில் 7.40 ஆகிறது. ஏழு மணிக்கு ஷிப்ட் முடியும் ஒருவனுக்கு இந்த நாற்பது நிமிடம் பெரிய சொத்து. அப்பா, "எங்கள் காலத்தில் ஏழு மணிக்கே இருட்டிவிடும்" என்று அடிக்கடி சொல்வார். முதியவர்களின் நினைவு அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். அவர் சொன்னது முழு உண்மை. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. கதிரவன் அதே நேரத்தில்தான் மறைகிறது. நம் கடிகாரம்தான் தள்ளிப்போனது. அந்த அரை மணி இல்லாவிட்டால் என் படங்களில் பாதி இல்லை.

எனக்குக் கடிகாரம் பள்ளிவாசலின் பாங்கு ஒலிதான். கதிரவன் மறைந்த ஓரிரு நிமிடத்தில் மஃரிப் பாங்கு ஒலிக்கும். இந்தத் தீவில் அது கேட்காத மூலை குறைவு. அந்த ஒலியைக் கேட்டதும் பலர் கேமராவை மூடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நான் அப்போதுதான் திறப்பேன். காரணம் முகில். தரைக்கு மறைந்த கதிரவன், பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் மழைமுகிலின் உச்சிக்கு மறையவில்லை. பாங்கு ஒலித்து ஐந்திலிருந்து பன்னிரண்டு நிமிடம் வரை கிழக்கு முகில்கள் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். மஞ்சள், ஆரஞ்சு, பிறகு அந்த ரோஜா. வெளிச்சம் நீண்ட தூரம் காற்றுக்குள் பயணம் செய்து வருவதால் அதன் நீலம் வழியெங்கும் சிதறிப்போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. முகிலே இல்லாத நாளில் கிழக்கு அடிவானத்தில் ஒரு கருநீலப் பட்டை எழும். அதற்கு மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று. அந்தக் கருநீலம் இந்தப் பூமியின் நிழல். இதை முதன்முதலில் எஸ்பிளனேட் திடலில் நின்று உணர்ந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

நம் முன்னோர் நெய்தல் நிலத்துக்கு எற்பாடு என்றும், முல்லைக்கு மாலை என்றும் சிறுபொழுது வகுத்தார்கள். எல் என்றால் கதிரவன். அது சாய்கிற வேளை எற்பாடு. அதன் பின் வருவது மாலை. இரண்டையும் ஒரே 'ஈவினிங்' என்று நாம் சொல்லிவிடுகிறோம். கேமராவோடு நிற்பவனுக்கு இவை இரண்டும் வேறுவேறு உலகங்கள். எற்பாட்டில் நிழல்கள் நீளும், பொருள்களுக்கு விளிம்பு கிடைக்கும். மாலையில் நிழலே இருக்காது. நிறம் மட்டும் இருக்கும்.

இப்போது கேமராவின் உள் ஏற்பாடு. திட்டமிடாத படத்துக்குக் கேமராவை எடுத்த பிறகு திருகிக்கொண்டிருக்க நேரமில்லை. ஆகவே தொழிற்சாலைக்குக் கிளம்பும் காலையிலேயே நான் அதை மாலைக்காகத் தயார் செய்து வைத்துவிடுகிறேன். அபெர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப் 8. ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறன், தானியங்கி; மேல் வரம்பு 3200. ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே போகாதபடி ஒரு கட்டளை. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, முக்கால் படி அளவுக்குக் குறைத்து வைப்பேன். ஏனென்றால் முகிலின் ஒளிர்ந்த பகுதி ஒருமுறை வெளுத்துப்போனால் அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது; இருண்ட தரையை, கேமரா திருத்தாமல் சேமிக்கும் ரா கோப்பிலிருந்து ஓரளவு தூக்கிவிடலாம். நிறச் சமநிலையான வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விடவே கூடாது. அந்திச் சிவப்பைக் கேமரா ஒரு பிழை என்று எண்ணி வெள்ளையாக்க முயலும். 'பகல் வெயில்' என்ற நிலையில் வைத்துவிட்டால், கண்ணில் பட்ட நிறம் கண்ணில் பட்டபடியே பதியும்.

வெளிச்சம் குறையக் குறைய, துளையை அகலப்படுத்த எஃப் 8-ஐ எஃப் 4 ஆக்குவேன். நிலக்காட்சிக்கு எஃப் 11 வேண்டும் என்று பலர் சொல்வார்கள். கடலும் மலையும் முகிலும் எல்லாமே தூரத்தில் இருக்கும்போது அது தேவையில்லை. என் லென்ஸில், பதினைந்து மீட்டருக்கு அப்பால் இருப்பதைக் குவியப்படுத்தினால் எஃப் 4-இலேயே அடிவானம் வரை கூர்மையாக இருக்கிறது. முக்காலிக்குப் பதிலாகக் கைப்பிடிச் சுவரோ, விளக்குக் கம்பமோ, மோட்டார் சைக்கிள் இருக்கையோ போதும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு முடித்த கணத்தில் அழுத்த வேண்டும்.

கைப்பேசி மட்டும் இருந்தால் முதலில் லென்ஸைத் துடைக்க வேண்டும். சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசி லென்ஸில் எப்போதும் வியர்வையும் எண்ணெயும் இருக்கும். அந்தி ஒளியில் அது முழுப் படத்தையும் மங்கலாக்கிவிடும். பிறகு ஒளிமிகுந்த முகிலின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷர் அங்கே பூட்டிக்கொள்ளும். விரலைக் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்கினால் நிறம் வெளிவரும். விரித்துப் பெரிதாக்க வேண்டாம். தண்ணீர்மலையில் எடுத்த படம் இவ்வளவில் வந்ததுதான்.

ஈரக் காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் கேமராவைப் பற்றி எழுத முடியாது. நண்பர் ஒருவரின் காரில் கெர்தாக் சாங்குல் மீனவர் கிராமத்துக்குப் போனோம். வழியெல்லாம் குளிர்சாதனம். கேமரா என் மடியில், காற்று வரும் துளைக்கு நேராக. போய் இறங்கும்போது மேற்கே முகிலைக் கிழித்துக்கொண்டு ஒளிக் கற்றைகள் கடலில் ஊன்றி நின்றன. படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. கேமராவைக் கண்ணில் வைத்தேன், எல்லாம் வெண்புகை. குளிர்ந்த கண்ணாடியில் காற்றின் ஈரம் நீர்த்திவலையாகப் படிந்துவிட்டது. துடைத்தேன், மீண்டும் படிந்தது. கண்ணாடி வெப்பமாகிச் சீராகப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கற்றைகள் போய்விட்டன. அன்று முதல், காரில் போனால் கேமராவைப் பைக்குள் வைத்து மூடி, காரின் பின்புறச் சாமான் அறையில் போட்டுவிடுகிறேன். அங்கே குளிர் எட்டாது. வேலை நாள்களில் இந்தத் தொல்லை இல்லை. தொழிற்சாலைக்குள் கேமரா அனுமதி இல்லை என்பதால் அது மோட்டார் சைக்கிள் பெட்டியில், நிழலான நிறுத்தத்தில், வெளிக்காற்றின் வெப்பத்திலேயே இருக்கிறது.

இரவில் அதே பெட்டியில் விட்டுவைக்கக் கூடாது. என் முதல் லென்ஸைத் தோல் பையில் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். ஆறு மாதத்தில் உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்துவிட்டது. இப்போது ஈரம் உறிஞ்சும் மூடிய பெட்டியில்தான் வைக்கிறேன்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒன்று. நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்காதீர்கள். அந்தி நேரத்தில் ஓட்டுநர்களின் கண் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் தடுமாறும்; ஓரமாக நிற்பவன் அவர்களுக்குத் தெரிய மாட்டான். நான் தினமும் போகும் பன்னிரண்டு கிலோமீட்டரில் பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய ஐந்து இடங்களை மனத்தில் குறித்து வைத்திருக்கிறேன். ஒளியைப் பார்த்த இடத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை போவதற்குள் அது போய்விடலாம். அப்படிப் போன படங்கள் பல. போகட்டும். வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

நின்றே ஆக வேண்டிய கட்டாயமும் ஒருமுறை வந்தது. அக்டோபரில் மனைவியின் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குப் பாலிக் பூலாவ் போய்விட்டு, சுங்கை பூரோங் வயல் பக்கமாகச் சுற்றித் திரும்பினேன். வயல் நடுவே டயர் பஞ்சர். ஒரு மலாய்க்காரப் பெரியவர் சைக்கிளை நிறுத்தி, தன் மகனிடம் பம்பும் ஒட்டுத் துண்டும் இருப்பதாகச் சொல்லி, "நில்லுங்கள் அடிக் (தம்பி), அழைத்து வருகிறேன்" என்று போனார். அவர் திரும்ப அரை மணி ஆகும். எனக்கு வேறு வேலை இல்லை. வெறுமனே வரப்பில் உட்கார்ந்தேன்.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. தட்டையான வெளிச்சம், தட்டையான வயல். நடவுக்காக நீர் கட்டியிருந்தார்கள். நின்றிருந்தால் அது சேற்றுநீராகவே தெரிந்திருக்கும். உட்கார்ந்திருந்ததால் கண் தாழ்ந்து, நீரில் சேறு மறைந்து வானம் தெரிந்தது. கேமராவை இன்னும் தாழ்த்தி, ஏறக்குறைய நீரைத் தொடும் அளவுக்குக் கொண்டுபோனேன். மேற்கே முகிலுக்கும் அடிவானத்துக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. கதிரவன் அந்த இடைவெளிக்கு இறங்கிய கணத்தில் வயல் முழுவதும் பற்றிக்கொண்டது. கொக்குகளின் விளிம்புகள் வெள்ளிக் கம்பியாயின. வெயில் நேராக லென்ஸில் விழுந்ததால் இடது உள்ளங்கையை லென்ஸுக்கு மேலே குடைபோல் பிடித்துக்கொண்டேன். இது மூன்று நிமிடம் இருந்திருக்கும். பெரியவரும் மகனும் வந்தபோது நான் முழங்கால் வரை சேற்றில் இருந்தேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்கள் வயலா?" என்று கேட்டார். பிறகு ஒரு பிரதி எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மேற்கில் முகிலுக்கு அடியில் அந்த ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வானம் முழுவதும் மூடியிருந்தாலும் அந்த இடைவெளி இருந்தால் நான் வீட்டுக்குப் போவதில்லை. ஏப்ரல், அக்டோபர் போன்ற பருவ மாற்ற மாதங்களில் பிற்பகலில் இடி மழை பெய்து ஓயும், காற்றும் கழுவப்பட்டிருக்கும். அவை மிகச் சிறந்த மாலைகள். இதற்கு நேர் எதிர் புகைமூட்டக் காலம். 2019 செப்டம்பரில் சுமத்திராவிலிருந்து வந்த புகையில் கதிரவன் ஒரு குங்குமப் பொட்டாக, கண் கூசாமல் பார்க்கும்படி தொங்கியது. அதைச் சுற்றி எந்த நிறமும் இல்லை. கிழக்கில் பெருநிலமே தெரியவில்லை. அந்த மாதம் நான் படம் எடுக்கவில்லை. பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு கதவை மூடியிருந்தோம்.

ஜார்ஜ்டவுன் கடலோரத்தில் சீனக் குலத்தவர் கடல்மேல் மரத்தூண்களில் வீடு கட்டி வாழும் குலத் துறைகளைப் பற்றியும் என்னிடம் கேட்கிறார்கள். சியூ ஜெட்டியின் மரப்பாலங்கள் கிழக்கே நீள்கின்றன. பாங்கு ஒலித்த பின் வரும் நீல வெளிச்சத்தில், விளக்கு ஏற்றும் வேளையில், அவை மிக அழகு. ஆனால் அவை வீடுகள். வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. கடல் பக்கம் திரும்பி எடுங்கள், பேசினால் பதிலுக்குப் பேசுங்கள், இருட்டியதும் கிளம்பிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் படங்களை அன்றிரவே நான் திறப்பதில்லை. பார்த்த மாலை மனத்தில் இன்னும் சூடாக இருக்கும். எல்லாமே நன்றாக இருப்பதாகத் தோன்றும். நான்கு நாள் வேலை முடிந்து ஓய்வின் முதல் காலையில் திறக்கிறேன். பத்தில் ஒன்பது போய்விடும். நிறத்தைக் கூட்டும் பட்டையைத் தொடுவதில்லை. நான் பார்த்தது இதுதானா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. சென்ற ஆண்டு ஜூனில், மழை விட்ட ஒரு மாலையில், "காற்று வாங்கப் போகலாமா?" என்று கேட்டார். எஸ்பிளனேட் திடலுக்குப் போனோம். கச்சான் (நிலக்கடலை) பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு கடலோரச் சுவரில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் பழைய கோட்டை, முன்னால் வடக்கு நீர்வழி. அங்கிருந்த இளைஞர்கள் கைப்பேசிகளை இடப்பக்கம் மேற்கே நீட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பெர்ரியில் நின்ற பழக்கம்போல, முதுகில் வெயில் பட, எதிர்க்கரையைப் பார்த்து உட்கார்ந்தார்.

பாங்கு ஒலித்தது. நான் அபெர்ச்சரை எஃப் 4-க்கு மாற்றினேன். ஆறேழு நிமிடம் கழித்து அப்பா என் தோளைத் தட்டினார்.

"அங்கே பார். ஜெராய்."

கடலுக்கு அப்பால், நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் தூரத்தில், கெடா மாநிலத்து ஜெராய் மலை ஊதா நிறத்தில் எழுந்து நின்றது. அதன் உச்சியில் சுற்றிய முகில் மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது. மழையில்லாத நாள்களில் அந்த மலை அங்கே இருப்பதே தெரியாது. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய் அழுத்தினேன். அப்பா இன்னும் கையை இறக்கவில்லை. படத்தின் வலது ஓரத்தில் அவருடைய சுட்டுவிரல் நுனி விழுந்திருக்கிறது. அதை நான் வெட்டவில்லை.